கூப்பிடும் பெட்டி

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு பஸ், ஒரு ஜீப், கடைசி ஒரு மைல் முழங்கால் வரை சேற்றில் நடை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆறு வருஷம் உயிரியல் படித்ததற்கு நேராகச் சுமை தூக்கப் போயிருக்கலாமே என்று மாமா சொல்வார். சொல்லட்டும்.

இங்கே செல்போன் எடுக்காது என்று முதலிலேயே சொன்னார்கள். ஒரு கோடு கூட வராது என்று நான்தான் நினைக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் சாமான் கொண்டுவரும் ஜீப்பில்தான் கடிதம் வரும், போகும். நடுவில் டவுனுக்குப் போய் ஒரு தரம் பேசிவிட்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெளியே போய் வந்தவர்கள் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று பத்து நாள் குஞ்சுகள் பக்கமே விடமாட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வரை, அக்கா, நீ எழுதும் காகிதம்தான் எனக்கு என் பெண்.

என்ன வேலை என்று மாமா கேட்டால் இப்படிச் சொல். பதினொரு நாரை முட்டைகள். அவை இருந்த சதுப்பு நிலத்தை மண் அடித்து மூடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். பெரிய பறவைகள் முட்டையைப் போட்டது போட்டபடி பறந்துவிட்டன. அதை நாங்கள் பெட்டியில் வைத்துப் பொரித்து, வளர்த்து, வேறொரு ஏரியில் விட வேண்டும். இதில் ஒரு சிக்கல். குஞ்சு வெளியே வந்ததும் யார் கூப்பிட்டுப் பதில் தருகிறார்களோ அவரைத்தான் தாய் என்று எடுத்துக்கொள்ளும். மனிதரைத் தாயாக எடுத்துக்கொண்ட நாரை, வளர்ந்த பிறகும் மனிதரைத் தேடிப் போய் ரோட்டில் நிற்கும். அதனால் எங்களுக்குத் தலை முதல் கால் வரை சாம்பல் நிற அங்கி. முகம் தெரியாது. கையில் நாரைத் தலை மாதிரி செய்த பொம்மை உறை. நாரை மாதிரி குரல் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசக் கூடாது. நிலையத்துத் தலைவிக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர் 'உஷ்'. அதையும் மனசுக்குள்தான் சொல்ல முடிகிறது.

நான் பழைய போனில் பேசிப் பதிந்து வைத்துவிட்டு வந்த நாற்பது குரல் பதிவுகளையும் மறக்காமல் பாப்பாவுக்குப் போட்டுவிடு. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, தூங்கும்போது ஒன்று. ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் கூட விட்டுவிடாதே. அவளுக்குப் பதின்மூன்று மாதம்தான். 'ம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தே ஒரு மாதம். அவள் அப்பா கப்பலை விட்டு இறங்க செப்டம்பர் ஆகிவிடும். அவரைத்தான் அவளுக்குத் தெரியாது என்றால் என்னையும் மறந்துவிட்டால்? இந்த ஒரு பருவத்தை முழுசாக முடித்தால் வேலை நிரந்தரம் என்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். உனக்குத் தெரியும். தெரிந்துதான் 'போடி, நான் பார்த்துக்கறேன்' என்றாய்.

இருமினால் உடனே எழுது. காய்ச்சல் என்றால் என்ன அளவு என்று எழுது. ஜன்னல் கம்பியில் ஏறுகிறாளா என்று எழுது.

உன்
சின்னவள்


மார்ச் 21

சின்னவளுக்கு,

உன் லெட்டரை உன் மாமா சத்தமா வாசிச்சார். வாயை மூடிட்டு இருக்கறதுக்குச் சம்பளம் குடுத்து உன்னை வேலைக்கு வச்சவங்க யாரோ, அவங்களை ஒரு தடவை நேர்ல பார்த்துக் கை குலுக்கணுமாம். 'என்னால இருபது வருஷமா முடியாத காரியம்'னார். அது என்னைச் சொன்னார். நான் கத்திரிக்கோலைக் காட்டினதும் பேப்பர் படிக்கப் போயிட்டார்.

பாப்பா நல்லா இருக்கா. இருமல் இல்ல. காய்ச்சல் இல்ல. ஏழாவது மாடியில ஜன்னலுக்கு வலை அடிச்சாச்சு, நிம்மதியா இரு. லிஃப்ட் ரெண்டு நாளா ஓடலை. ஆஸ்பத்திரி கவுன் துணி மூட்டையை நானும் மாமாவுமா படியில இழுத்துட்டு வந்தோம். பன்னண்டு வீடு இருக்கு இந்த மாடியில, ஒரு கதவு திறந்து என்ன சத்தம்னு பார்க்கலை. ஒன்பது வருஷமா இருக்கோம், எதிர் வீட்டுல ஆம்பளை இருக்கானா பொம்பளை இருக்காளான்னு எனக்கு இன்னும் தெரியாது.

ஒரு நாளைக்கு நாற்பது கவுன் தைச்சுக் குடுக்கணும். உன் பொண்ணு மெஷினுக்குக் கீழ உக்காந்து நூல் துண்டெல்லாம் பொறுக்கிட்டு இருப்பா. பதிவைப் பத்திக் கேட்டியே. மந்திரம் போட்ட மாதிரிதான். உன் குரல் வந்ததும் அப்படியே கல்லாயிடறா. 'வண்டுக்குட்டி, ஆ காட்டு'ன்னு நீ சொல்ற இடத்துல மட்டும் வாயைத் திறக்கறா. நான் கரண்டியைக் கொண்டுபோறதுக்குள்ள நீ அடுத்த வரிக்குப் போயிடறே, வாயை மூடிக்கறா. கொஞ்சம் நிறுத்திப் பேசியிருக்கக் கூடாதா? அதனால மூணு தடவைன்னெல்லாம் கணக்கு வைக்கறதில்லை. நாள்பூரா ஓட விட்டுடறேன். எனக்கும் தைக்க முடியுது. போனைக் கையை விட்டுக் கீழ வைக்கவே மாட்டேங்கறா இப்பல்லாம்.

என் பையன் ஞாயித்துக்கிழமை வந்தான். போன்லதான், வேற எங்க வரப்போறான். அவன் இருக்கற நாட்டுல அப்ப விடியற்காலையாம், பல் தேய்ச்சுட்டே பேசினான். இளைச்சிருக்கான். நான் கண்ணாடியைத் தடவினேன், படம் அணைஞ்சு போச்சு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

பதினொன்றும் பொரிந்துவிட்டன. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? முதல் குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கூப்பிட்ட நிமிஷம் என் ரவிக்கை நனைந்துவிட்டது. வற்றிப்போய்விட்டது என்று நினைத்த பால். அங்கியைக் கழற்ற முடியாது, துடைக்க முடியாது, கையில் நாரைத் தலை. அப்படியே நின்றேன்.

குஞ்சுகளுக்குக் காலில் வளையம் போட்டிருக்கிறோம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். மஞ்சள் வளையம் நோஞ்சான். மூன்று நாள் எதையும் தொடவில்லை. பிழைக்காது, விட்டுவிடு என்று உஷ் எழுதிக் காட்டினார். நான் எப்படியோ சாப்பிட வைத்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே.

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். போனைக் கையை விட்டு வைப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அது சரியில்லை, அக்கா. என் குரலைக் கேட்கத்தான் அந்தப் போன். படம் ஏதாவது போட்டுக் காட்டுகிறாயா? மாமா காட்டுகிறாரா? எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று நீ எழுதவே இல்லையே? பதினான்கு மாதம் முடிந்தவள் நாலைந்து வார்த்தையாவது சொல்ல வேண்டும். நீ கவுன் தைப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும்.

இங்கே ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்து நாகரிகத்தின் சிக்கல்களை ஓர் உயிரியலாளர் எப்படிப் பார்க்கிறார் என்று. உஷ் என்னை எழுதச் சொல்லிவிட்டார். பாதி எழுதியதை உனக்கு அனுப்புகிறேன். ஒரு பக்கம் கீழே:

'முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையின் பக்கத்தில், அதன் முட்டையைவிடப் பெரிதாக, அதே புள்ளிகளை இன்னும் பளிச்சென்று தீட்டிய ஒரு பொய் முட்டையை வைத்தால், தன் முட்டையை விட்டுவிட்டு அந்தப் பொய் முட்டையின் மேல் ஏறும். வழுக்கி விழும். மறுபடியும் ஏறும். பறவை முட்டாள் அல்ல. பெரிய முட்டை நல்ல முட்டை என்று அதன் உடம்பு பல லட்சம் வருஷமாகக் கற்றது சரிதான். இப்படி ஒரு பொய் முட்டை எதிரே வரும் என்று மட்டும் அதற்குத் தெரியாது. மனித நாகரிகம் ஓயாமல் பொய் முட்டைகளைச் செய்துகொண்டிருக்கிறது. பழத்தைவிட இனிப்பான தின்பண்டம், பகலைவிட வெளிச்சமான தெரு, அடுத்த வீட்டுக்காரனைவிடச் சுவாரசியமான கண்ணாடித் திரை. தன் வேலை தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் கையில் ஒரு கண்ணாடிச் சில்லைக் கொடுத்துவிட்டுத் தையல் எந்திரத்தை மிதிக்கும் பெண், தான் செய்வது என்னவென்று அறியமாட்டாள். குஞ்சு வழுக்கி விழுவதை அவள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.'

எப்படி இருக்கிறது? மாமாவையும் வாசிக்கச் சொல்.

சின்னவள்


ஏப்ரல் 25

உன் கட்டுரை வந்துச்சு.

உன் மாமாதான் வாசிச்சார். தையல் மெஷின் வந்த இடத்துல நிறுத்திட்டார். 'மேல வாசிங்க'ன்னேன். 'கண்ணு வலிக்குது'ன்னார். கண்ணாடியைப் போட்டுட்டுக் கண்ணு வலிக்குதாம். கையிலிருந்து பிடுங்கி நானே வாசிச்சேன்.

பேர் போடலைன்னா அந்தப் பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியாதா? உன்னைக் காலேஜ்ல சேர்த்தது அந்த மெஷின்தான். அப்ப அது எந்த முட்டையா தெரிஞ்சுது உனக்கு?

சரி, அதை விடு. கண்ணாடிச் சில்லுன்னு எழுதியிருக்கே. அதுக்குள்ள இருக்கறது யாருன்னு நினைக்கறே? சினிமாவா? பொம்மைப் படமா? நீதான்டி. நாற்பதும் நீ. ஒரு படம் கூட நான் போட்டுக் காட்டினதில்லை, உன் மாமா காட்டினதில்லை. ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டிட்டுப் போனது நான் இல்லை.

சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அங்க தனியா உக்காந்து அழுவேன்னு. இப்பச் சொல்றேன். உன் பொண்ணு உன்னை மறக்கலை. 'அம்மா எங்கே'ன்னு கேட்டா ஓடிப்போய் எடுத்துட்டு வர்றா. போனை. அதைத்தான் 'ம்மா'ன்னு கூப்பிடறா. சார்ஜ் போட்டிருந்தா ப்ளக் பக்கத்துல சுவத்தைத் தொட்டுட்டே உக்காந்திருக்கா. கூப்பிட்டுப் பார்க்கறா. அது பாட்டுக்கு அது பேசுது. கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்ப கூப்பிடறதையும் நிறுத்திட்டா, சும்மா கேக்கறதோட சரி. எத்தனை வார்த்தைன்னு கேட்டியே. ஒண்ணு. அந்த ஒண்ணும் போனோட பேரு.

உன் கல்யாண போட்டோவைக் காட்டினேன். யாரோ பஸ்ல வந்தவளைப் பார்க்கற மாதிரிப் பார்த்தா.

துணி நிறையக் கிடக்கு. எழுத வேற ஒண்ணுமில்லை.


மே 23

அக்கா,

மூன்று வியாழக்கிழமை நான் ஜீப்பில் எதுவும் போடவில்லை. நாலைந்து கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் நான்தான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். கிழித்துவிட்டேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் நீ 'ஆமாம், இப்ப எழுது' என்பாய். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த நிலையம் தொடங்கிய முதல் வருஷத்துக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. மழை நாளில் வேறு வேலையில்லாமல் எடுத்துப் புரட்டினேன். அப்போது அங்கியும் கிடையாது, பொம்மைத் தலையும் கிடையாது. மனித வாடையே வேண்டாம் என்று, பெரிய நாரையின் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஒரு ஒலிப்பெட்டியைக் குஞ்சுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். அசல் குரல். சுத்தமான பதிவு. யாரோ நல்ல கையெழுத்தில் தினமும் எழுதியிருக்கிறார்கள். முதல் நாள்: குஞ்சுகள் பெட்டியை உடனே ஏற்றுக்கொண்டன, மகிழ்ச்சி. நான்காம் நாள்: பெட்டியை விட்டு நகர மறுக்கின்றன. ஆறாம் நாள்: தட்டு நிறைய இரை இருக்கிறது, தொடவில்லை. ஒன்பதாம் நாள்: கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. அப்புறம் தேதியும் எண்ணிக்கையும் மட்டும். எட்டு. ஐந்து. ஐந்து. இரண்டு.

கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'பெட்டி கூப்பிடுகிறது. கூப்பிட்டால் திரும்பாது. நடந்து போய்த் தண்ணீரைக் காட்டாது.'

'ஆ காட்டு' என்று நான் சொல்லும் இடத்தில் மட்டும் வாயைத் திறக்கிறாள், அதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன் என்று நீ மார்ச் மாதமே எழுதியிருந்தாய். இரண்டு மாதமாக அந்த வரி என் தலையணைக்கு அடியில் இருந்தது. சிரிப்பாக இருக்கிறது என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தவள் நான். குஞ்சு கூப்பிட்டால் மூன்று நொடிக்குள் பதில் கொடு என்று இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு எழுதிக் காட்டுகிறவள் நான்.

நாற்பதையும் நிறுத்திவிடு. ஒன்று கூட வேண்டாம். போனை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடு. அழுவாள். என்னைத் திட்டிக்கொண்டே தூக்கி வைத்துக்கொள். அவள் ஏதாவது சத்தம் போட்டால் அதே சத்தத்தை நீ திரும்பப் போடு. அவள் காட்டும் பொருளை நீயும் பார். ஒன்றும் வரவில்லை என்றால் காத்திரு. அவளுக்கு நான் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கட்டுரையில் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டேன். அவள் இருந்த இடத்தில் வேறொருத்தியை எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தைக்கத் தெரியாது. நாற்பது பதிவு போடத் தெரியும்.

சின்னவள்


ஜூன் 8

சின்னு,

போனை எடுத்து மாமாவோட டிஃபன் பாக்ஸுக்குள்ள வச்சு ஆபீசுக்கு அனுப்பிட்டேன். வீட்டுல இருந்தா நானே எடுத்துக் குடுத்துடுவேன்னு எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. மதியம் சாப்பிடலாம்னு திறந்து பார்த்துட்டு மனுஷன் பட்டினி கிடந்திருக்கார்.

மூணு நாள், சின்னு. அழுகைன்னு சொல்ல முடியாது அதை. சுவத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கறா. ப்ளக் ஓட்டைகிட்ட வாயை வச்சு 'ம்மா'ங்கறா. மெஷினுக்குக் கீழ, துணி மூட்டைக்குள்ள, என் முந்தானைக்குள்ள தேடறா. மூணாவது நாள் நூத்தி ரெண்டு காய்ச்சல். அளவை எழுதச் சொன்னியே, எழுதிட்டேன், இப்ப இல்ல, பயப்படாதே.

அன்னிக்குத்தான் எதிர் வீட்டுக் கதவு திறந்துச்சு. ஒரு பொண்ணு. 'என்னங்க இது, மூணு நாளா, தூங்க வேண்டாமா'ன்னு சண்டைக்குத்தான் வந்தா. பாப்பாவைப் பார்த்ததும் நெத்தியில கையை வச்சா. நர்ஸாம். நான் தைக்கற கவுனை ஆஸ்பத்திரியில மாட்டிவிடறதே அவதானாம். 'அந்த நாடா பின்னாடி குட்டையா இருக்கு, முடிச்சே போட முடியலை'ன்னு எங்கிட்டயே குறை சொன்னா. ஒன்பது வருஷம் கழிச்சு வந்து நாடா குட்டைங்கறா. ஒரு விரல் நீளம் கூட்டி வெட்ட ஆரம்பிச்சிருக்கேன். இப்ப தினமும் டியூட்டி முடிஞ்சதும் வர்றா.

நீ சொன்ன மாதிரி செஞ்சேன். 'தா'ன்னா 'தா'. 'ப்பூ'ன்னா 'ப்பூ'. இதைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் படிக்கணுமான்னு மாமா கேட்டார். கேட்டுட்டு அவரும் 'ப்பூ'ங்கறார், நாள்பூரா. மெஷின் பாதி நேரம் சும்மா நிக்குது. நாற்பது கவுன் இருபத்தி ரெண்டாயிடுச்சு. கான்ட்ராக்டர் கத்தினான், கத்தட்டும். இப்ப பதினோரு வார்த்தை வருது. நூலுக்கு 'ஊ'. லிஃப்ட் சத்தம் கேட்டா 'டொய்ங்'. எனக்குச் சிரிப்பு வந்தா அவளுக்கும் சிரிப்பு வருது, எதுக்குன்னே தெரியாம ரெண்டு பேரும் சிரிக்கறோம்.

இதோட முடிச்சுடலாம்னுதான் பார்த்தேன். பேனாவை மூடிட்டுத் திரும்பத் திறந்திருக்கேன்.

போன வாரம் என் முகத்தைப் பிடிச்சுத் திருப்பி 'ம்மா'ன்னா. என்னை. 'பெரிம்மா'ன்னு திருத்தினேன். மறுநாளும் கூப்பிட்டா. மறுநாளும் திருத்தினேன். அதுக்கடுத்த நாள் திருத்தலை. 'என்னடா கண்ணு'ன்னேன்.

எனக்குப் பிடிச்சிருந்துச்சு, சின்னு. என் பையன் எடுத்ததும் 'ஹலோ, கேக்குதா'ங்கறான். வருஷக்கணக்கா எனக்கு அதுதான் பேரு. இவ கூப்பிட்டதும் நான் தையலை விட்டுட்டு ஓடினேன், ஊசி விரல்ல ஏறினது கூடத் தெரியலை. உன் பொருளைத் திருடி வச்சிருக்கேன்னு தெரியும். அதனாலதான் இந்த லெட்டரை ஒரு வாரமா எழுதாம இழுத்தேன்.

திட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அக்கா


ஜூன் 29

அக்கா,

திட்ட எனக்கு வாயில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாணல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன், அது வேறு. வலித்தது. பதினோரு வார்த்தை என்ற இடம் வரும்போதெல்லாம் வலியோடு சேர்த்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. கூப்பிடுகிறாள். யாரையாவது கூப்பிடுகிறாள். அதற்குப் பதில் கிடைக்கிறது.

நீ ஒளிக்காமல் சொன்னாய், நானும் சொல்ல வேண்டும். மஞ்சள் வளையத்தை எப்படிச் சாப்பிட வைத்தேன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தேன். பேசினேன், அக்கா. உஷ் இல்லாத விடியற்காலைகளில், அங்கிக்குள்ளிருந்து, அதன் காதருகே. 'வண்டுக்குட்டி, ஆ காட்டு' என்று. அது சாகப் போகிறது, இனிமேல் என்ன கெட்டுப்போகும் என்று முதல் நாள் நினைத்தேன். அது வாயைத் திறந்தது. நான் காத்திருந்தேன், மறுபடி சொன்னேன், மறுபடி திறந்தது. பதிவில் செய்யாததை அங்கே செய்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

போன வாரம் வேலி சரிசெய்ய இரண்டு பேர் வந்தார்கள். சத்தமாகப் பேசி, சிரித்து, சுத்தியலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு. பத்துக் குஞ்சுகளும் புல்லுக்குள் ஒளிந்து மூச்சு விடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். மஞ்சள் வளையம் இறக்கையை விரித்துக்கொண்டு அவர்களிடம் ஓடியது. ஒருவர் காலருகே நின்று அண்ணாந்து வாயைத் திறந்தது. 'அட, இது நம்ம ஆளுடா' என்று அவர் சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நானே போய் உஷ்ஷிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. இவ்வளவு நாளில் முதல் தடவையாக வாய் திறந்து என்னிடம் பேசினார், மெல்லிய குரல்தான். 'அதை இனி விட முடியாது. இங்கேயே ஒரு கூண்டு கட்டலாம். நீ வருஷம் முழுக்க இருந்தால் அது உன்னோடு இருக்கும். வேலையும் நிரந்தரம் ஆகும். நீ போனால் டவுன் உயிரியல் பூங்காவுக்கு அனுப்ப வேண்டியதுதான். நாற்பது வருஷம் உயிரோடு இருக்கும் பறவை. கம்பிக்கு வெளியே வருகிறவர்களையெல்லாம் நீயென்று நினைத்துக் கூப்பிடும்' என்றார்.

யோசிக்க ஒரு ராத்திரி கேட்டேன். விடிந்ததும், வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மஞ்சள் வளையத்துக்கு நான் செய்தது அநியாயம். அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை, தேடவும் போவதில்லை. கட்டுரையில் அதையும் எழுதிவிட்டேன். நாகரிகத்தின் சிக்கல் என்ன என்று கேட்டிருந்தார்கள். கெட்டவர்கள் யாரையும் நான் இங்கே காணவில்லை. அன்புக்கு அவசரம், அவ்வளவுதான் தெரிகிறது. அருகில் இருக்க முடியாத அவசரத்தில் குரலை மட்டும் அனுப்பிவிடுகிறோம். அருகில் இருக்கக் கூடாத இடத்திலோ வாயை மூட முடிவதில்லை. பத்திரிகைக்காரர்கள் புள்ளிவிவரம் கேட்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு குஞ்சும் ஒரு குழந்தையும்.

ஜூலை பதினொன்று, ஜீப்பில் ஏறி, மறுநாள் மதியம் போல் வந்து சேருவேன். உன்னிடம் சிலது கேட்டுக்கொள்கிறேன். வாசலில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு 'யாரு வந்திருக்கா பாரு' என்று சொல்லாதே. 'அம்மாகிட்டப் போ' என்று தள்ளாதே. கதவைத் திறந்து வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து எப்போதும் போலத் தைத்துக்கொண்டிரு. நான் வந்து தரையில் உட்காருகிறேன். நான் கூப்பிட மாட்டேன். உன்னை அவள் 'ம்மா' என்றால் திருத்தாதே. நான் இருக்கிறேன் என்பதற்காக அவள் வாயிலிருந்து எதையும் பிடுங்க வேண்டாம்.

அவள் திரும்பியே பார்க்கவில்லை என்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சின்னவள்


ஜூலை 12

சின்னு,

நீ அசந்து தூங்கிட்டே. ஒரே வீட்டுல இருந்துட்டு லெட்டரான்னு சிரிக்காதே. நேர்ல சொன்னா அழுதுடுவேன், அப்புறம் நீ என்னைத் தேத்தணும், அதுக்கு இது தேவலை. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிப்பேல்ல, குடத்துக்குக் கீழ வைக்கறேன்.

இன்னிக்கு மத்தியானம் உன் மேல எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சேத்து மூட்டையா வந்து உக்காந்தே. ஒரு மணி நேரம். அவ மெஷினுக்குப் பின்னாடி நின்னு உன்னையே பார்க்கறா, நீ தரையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கே. 'கூப்பிட்டுத் தொலையேன்டி'ன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. தைக்கறேன் தைக்கறேன்னு ஒரே கவுன்ல ரெண்டு கையையும் சேர்த்துத் தைச்சுட்டேன். பிரிக்கணும்.

அப்புறம் அவ ஒரு வெறும் நூல்கண்டை உருட்டிவிட்டா. உன் பக்கமா வேணும்னு வந்துச்சா தெரியாம வந்துச்சான்னு எனக்கே சந்தேகம். நீ திருப்பி உருட்டினே. 'ஊ'ன்னா. 'ஊ'ன்னே. உன் குரல் கேட்டதும் நின்னுட்டா, கவனிச்சியா? சுவத்துப் பக்கம் திரும்பி ப்ளக்கைப் பார்த்தா. திரும்ப உன்னைப் பார்த்தா. திரும்ப ப்ளக். நான் மிதியிலேர்ந்து காலை எடுத்துட்டேன். நீ காத்திருந்தே. அவ சந்தேகமா இன்னொரு தடவை 'ஊ'ன்னா, நீ 'ஊ'ன்னே. உன் வாய்ல கையை விட்டுப் பார்த்தாளே, சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு. அவ விரல்ல உன் மேல இருந்த சேறு. துடைக்கலை நீ.

ராத்திரி தூக்கம் வந்ததும் என்கிட்டதான் வந்தா. 'ம்மா'ன்னு என் தோள்ல சாய்ஞ்சா. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டே. நான் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி நான் திருத்தலை. பிடிச்சும் இருந்துச்சு, பிடிக்கவும் இல்லை.

இப்ப அவளை உன் பக்கத்துல கொண்டுவந்து படுக்க வச்சிருக்கேன். நடுவுல தலையணை வைக்கலை. வழக்கமா விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி முழிச்சுக்குவா. கண்ணைத் திறக்காம ஒரு தடவை கூப்பிடுவா, பதில் வரலைன்னா ரெண்டாவது தடவை அழுவா. யாரை நினைச்சுக் கூப்பிட்டாலும் சரி, முதல் தடவையே நீ பதில் குடுத்துடு.

நான் எழுந்திரிக்க மாட்டேன். முழிச்சுட்டுத்தான் இருப்பேன். ஆனா எழுந்திரிக்க மாட்டேன்.

அக்கா